தவசிமுத்துவுக்கு வந்துசேர வேண்டிய சொற்கள்

பூவந்துறையில் என்னை யாரும் நம்புவதில்லை, அது எனக்குப் பெரிய சௌகரியம். ஆனால் இந்த ஒரு கதையை மட்டும் நம்பாத ஆள் ஊரில் கிடையாது, ஏனென்றால் இதில் ஏறக்குறைய எல்லோருடைய வாயும் மாட்டிக்கொண்டிருக்கிறது, வாய் மாட்டிக்கொண்டவன் கதையைப் பொய் என்று சொல்லத் துணியமாட்டான்.

மீன் ஏலக் கொட்டகைக்கு எதிரே, செருப்புக்கடை மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் தையல் மிஷின் போட்டிருந்தார் தவசிமுத்து. காசநோய்க்குப் போட்ட ஊசியில் இருமல் நின்றது, இருமலோடு சேர்ந்து காதும் நின்றது. ஒரு சித்திரை மாசத்துக் காலையில் மிஷினை மிதித்துப் பார்த்தவர் பெல்ட் அறுந்துவிட்டதென்று நினைத்துக் குனிந்து தேடினார். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது, சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, சத்தம்தான் இல்லை. அன்றிலிருந்து மிஷினைக் கால்வழியாகக் கேட்டார், மனிதரை முகவழியாகக் கேட்டார், முகம் தெரியாத பக்கத்திலிருந்து வந்த எதையும் கேட்கவில்லை.

ஊர் இதற்கு மெல்லப் பழகியது, பழகியதோடு நிற்காமல் இதை உபயோகப்படுத்தவும் கற்றுக்கொண்டது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. சட்டைக்குப் பொத்தான் தைக்க வந்த எவனோ ஒருவன், மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் துணிமேல் குனிந்திருக்கும் நேரத்தில் தன் மனத்தில் கிடந்ததைச் சொன்னான். மிதிக்கிற தாளத்துக்கு அவர் தலை ஆடியது ஆமாம் ஆமாம் என்பது போல இருந்தது. எழுந்துபோகையில் உடம்பு லேசாக இருந்ததாக நாலு பேரிடம் சொன்னான். அதன்பிறகு ஊரில் பொத்தான்கள் தாமாக அறுந்தன, பாவாடை நாடாக்கள் காரணமில்லாமல் இற்றுப்போயின, நன்றாகத் தைத்திருந்த ரவிக்கையைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்து மறுபடி தைக்கச் சொன்ன பெண்கள் எத்தனையோ பேர். வீட்டில் ஒருத்தி காரணமில்லாமல் பாத்திரத்தைப் போட்டு உடைத்தால், போய்த் தவசிமுத்துவிடம் சொல்லிவிட்டு வாயேன் என்பார்கள். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஏன் ஆள் குறைகிறது என்று விசாரிக்க வந்த பங்குச் சாமியார்கூட, அதற்கப்புறம் தம் அங்கியின் ஓரத்தை அடிக்கடி எதிலாவது மாட்டிக் கிழித்துக்கொள்ள ஆரம்பித்தார். நானும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன்; நான் சொன்னது அத்தனையும் பொய் என்பதால், பின்னால் ஊரே நடுங்கியபோது எனக்கு மட்டும் தூக்கம் கெடவில்லை.

அவர் மனைவி பேச்சித்தாய் அவருக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பாள், கொக்கி தைப்பாள், ஓரம் மடிப்பாள். அவளும் பேசினாள், கடை திறந்ததிலிருந்து பூட்டுகிறவரைக்கும் அவர் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள், எதிரே ஏலம் விடுகிற சந்தியாகுவின் தொண்டைகூட நடுவில் ஒருமுறை தண்ணீர் கேட்கும், அவள் தொண்டை கேட்காது. ஒரு மத்தியானம், நூல் கோத்த ஊசி கையில் இருக்க, சுவரில் சாய்ந்த வாக்கிலேயே போய்விட்டாள். அவர் அப்போது பள்ளிக்கூடத்து யூனிபாரம் தைக்கும் அவசரத்தில் மிதித்துக்கொண்டிருந்தார். அவள் அவரைக் கூப்பிட்டாள், கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தாள் என்று செருப்புக்கடைக்காரர்கள் பிறகு சைகையில் சொன்னார்கள். அவள் எப்போதும் பேசுகிறவள்தானே என்று அவர்களும் எட்டிப் பார்க்கவில்லை. என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பதையும் வியாபார மும்முரத்தில் கவனிக்கவில்லை. காரியம் முடிந்ததும் தவசிமுத்து மிஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், பாயைப் பார்த்தபடி. பாயை அவர் சுருட்டவே இல்லை.

இப்படியே ஆறு வருஷம் போனது. மகள் ஆவுடைக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில், ரத்தம் சோதிக்கிற லேப்பில் வேலை. அவள் வயிற்றில் பிள்ளை நின்றதும், பிறக்கப்போவது அழுகிற சத்தத்தை அப்பா கேட்க வேண்டும் என்று ஒரு வெறி அவளுக்குப் பிடித்தது; அலைந்து திரிந்து, காதுக்குள் வைக்கும் கருவி பெரியவர்களுக்கும் உண்டு, இந்த ஜில்லாவிலிருந்து ஒருவருக்கு வைத்து முதலில் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அந்த ஒருவர் தன் அப்பாவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். பட்டணத்தில் ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். கருவிக்கு உயிர் கொடுக்கிற வேலை நம் ஆஸ்பத்திரிக் காதுப் பிரிவில் இருந்த ரிஸ்வானாவின் தலையில் விழுந்தது.

ரிஸ்வானா ஆம்பூர்ப் பக்கத்துப் பெண். என் காது மிஷின் கோயில் திருவிழா ஊதல் மாதிரி விசிலடிப்பதால் மாசத்துக்கொரு தடவை அவள் முன்னால் போய் உட்காருகிறவன் நான். ஊரார் அவளை டாக்டரம்மா என்றார்கள். நான் டாக்டர் இல்லை, ஆடியாலஜிஸ்ட் என்று அவள் திருத்தினாள். அது நாக்கில் நிற்காததால் காதம்மா ஆகிவிட்டாள். காதுக்குள் நத்தைக்கூடு மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதற்குள் முடியைப் போன்ற கம்பியைச் சுருட்டி விட்டிருக்கிறார்களாம், அந்தக் கம்பி நெடுகப் பொட்டுப் பொட்டாக மின்சாரம் விடும் முனைகளாம். காதுக்குப் பின்னால் ஒரு மைக், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டச் சில்லு. ஒவ்வொரு பொட்டுக்கும் எவ்வளவு மெலிசாக விட்டால் கேட்கும், எவ்வளவு விட்டால் தாங்காது என்று கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அளவு வைக்க வேண்டும். அதற்கு மேப் என்று பெயர் என்றாள் ரிஸ்வானா. தவசிமுத்து அதை அளவெடுப்பு என்றார். மற்றவர்கள் அளவு வைக்கும்போது அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். தன் கையால் வைக்கப்போகும் முதல் அளவு இதுதான்.

ஆவுடை நல்ல நேரம் பார்த்து, மேடிட்ட வயிற்றோடு வந்து நின்றாள். சொந்தக்காரர்கள் யார் முதலில் பேசுவதென்று வாசலில் சண்டைபோட்டார்கள். முதல் நாள் வாத்து கத்துவது போல இருக்கும், தகர டப்பாவுக்குள் ரேடியோ பாடுவது போல இருக்கும், பயந்துவிடாதீர்கள் என்று ரிஸ்வானா அவருக்கு எழுதிக் காட்டினாள். ஐந்து முகங்கள் வரைந்த அட்டை ஒன்றை மடியில் வைத்தாள்: கேட்காத முகம், லேசாகக் கேட்கும் முகம், நன்றாகக் கேட்கும் முகம், சத்தமான முகம், தாங்கமுடியாத முகம். சில்லை ஒட்டினாள். விசையைத் தட்டினாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"அய்யா, கேக்குதா?"

தவசிமுத்து வெடுக்கென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். "யாரு என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டது?"

யாரும் கூப்பிடவில்லை. அவர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார், பிறகு கல்யாணப் பந்தலில் உட்கார்ந்த மாப்பிள்ளையைப் போல முகம் சிவந்துவிட்டது. "ஒங்கம்மைதான்ட்டீ" என்றார் மகளிடம். "'ஏலே தவசிமுத்து, கஞ்சி ஆறுதுல்லா, எந்திரிலே'ங்கா."

பேச்சித்தாய் புருஷன் பெயரைச் சொன்னதைக் கேட்டவர் உலகத்தில் இல்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயரென்ன என்று கேட்டால், காட்டுல ஒக்காந்து கண்ண மூடிக்கிட்டு இருப்பாரே அவரு, அதுக்குப் பின்னால சிப்பிக்குள்ள கெடக்குமே அது, என்று விடுகதை போடுவாள். வரிசையில் நிற்கிறவர்கள் சேர்ந்து விடை சொல்வார்கள். அந்தப் பேச்சித்தாய், புருஷன் காது போன மறுநாள் காலையிலேயே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள், அதுவும் 'லே' போட்டு.

ரிஸ்வானா ஒயரை மாற்றினாள், பாட்டரியை மாற்றினாள், புத்தகத்தில் கோளாறுகள் என்று போட்டிருந்த பக்கங்களை எல்லாம் புரட்டினாள். கருவியில் ஒரு குறையும் இல்லை. ஊருக்கு இதைப் புரிந்துகொள்ள அத்தனை நேரம் ஆகவில்லை. செவிடர் ஒருவரிடம் சொன்ன சொல் எங்கேயும் போய்விடாது, காதுக்கு வெளியே வரிசையில் நிற்கும். கதவு திறந்தால் முதலில் வந்தது முதலில் உள்ளே போகும், பின்னால் வந்தது பின்னால் போகும், இன்றைக்கு வந்தது கடைசியில் நின்றாக வேண்டும், இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது, மண்ணெண்ணெய் வாங்கினவர்களுக்குத் தெரியாதா என்றது ஊர். நடுவே இருந்த தூக்கத்தையும் மௌனத்தையும் தாண்டித் தாண்டிச் சொற்கள் மட்டும் வந்ததால் வருஷங்கள் வேகமாக நகர்ந்தன. மரச் செக்கிலிருந்து எண்ணெய் இறங்குவது போல நூல் அறாமல் இறங்கின.

ரிஸ்வானா வாரந்தோறும் அளவு வைத்தாள். இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள், அளவு வைக்கப் பழகுகிறவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. ஒவ்வொரு பொட்டுக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சிறு கூவல் அனுப்புவாள். அவர் அட்டையில் முகத்தைக் காட்ட வேண்டும். அவர் நன்றாகக் கேட்கும் முகத்தைக் காட்டிச் சிரிப்பார், கையை மேலே தூக்கி "இன்னும் கொஞ்சம்" என்பார். ஒரு மனிதன் இத்தனை சந்தோஷமாக இருக்கிறான் என்றால் அளவு பொருந்துகிறது என்று அர்த்தம் என அவள் நம்பி, சிரித்த இடத்தில் எல்லாம் ஏற்றினாள், முகம் சுளித்த இடத்தில் எல்லாம் இறக்கினாள். அவர் காட்டியது கூவலுக்கு இல்லை, பேச்சித்தாய்க்கு. இப்படி வாரக்கணக்காக இன்றைய சத்தத்துக்கு இறக்கி, போன சத்தத்துக்கு ஏற்றி, கடந்துபோன காலத்துக்குக் கனகச்சிதமாக ஒரு சட்டை தைத்து அவருக்குப் போட்டுவிட்டாள். ஆவுடைக்குப் பெண் பிறந்து முதல்முறை வீறிட்டபோது, தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற தவசிமுத்துவுக்கு அது கேட்கவில்லை. அவர் காதில் அப்போது பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றிய வருஷம் ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்கு அந்த வருஷக் கணக்குதான் முக்கியமாகப் போயிற்று. தையல்காரர் இன்றைக்கு எங்கே வந்திருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் டீயையே கையில் வாங்கினார்கள். தேர் அச்சு முறிந்த வருஷத்துக்கு வந்துவிட்டார் என்றால் ஏழெட்டுப் பேர் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மஞ்சள் காமாலை வந்த வருஷம் தாண்டிவிட்டது என்றால் சிலர் திரும்பி வந்தார்கள். அவர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. தெருவில் நடக்கும்போது திடீரென்று நிற்பார், எதிரே வருகிற ஒருவனை ஏற இறங்கப் பார்ப்பார், பிறகு நடப்பார். அது போதும், அவன் அன்று சாப்பிடமாட்டான். பங்குச் சாமியார் ஒருமுறை அவரை வழிமறித்து, நான் சொன்னது வந்துவிட்டதா என்று எழுதிக் காட்டினார். தவசிமுத்து கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் இடுப்பளவு எனக்குத் தெரியும் சாமி. யாருட்டயாவது சொல்லியிருக்கனா? இதுவும் அப்படித்தான். அளவு வெளிய போகாது."

ஆனாலும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. தாங்கள் சொன்னது இன்னும் வராதவர்கள் கருவியை அணைக்கச் சொல்லிக் காதம்மா வீட்டு வாசலில் சீலா மீனும் பனங்கற்கண்டுமாக நின்றார்கள். மீனை வாங்கினால் அணைத்தாக வேண்டும், வாங்காவிட்டால் வருத்தப்படுவார்கள் என்று அந்தப் பெண் கதவைத் திறக்காமலே இருந்தது. செத்துப்போனவர்களின் வீட்டார் வேறு மாதிரி. கடலில் போன மோட்டார் மெக்கானிக் அந்தோணியின் மனைவி மரியபுஷ்பம் தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, என்னைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா என்று மட்டும் கேட்பாள். அளவு வெளியே போகாது என்பதால் தவசிமுத்து பதில் சொல்லவில்லை. ஒருநாள் அவள் கேட்காமலே அவள் அளவில் கிளிப்பச்சையில் ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். புருஷன் போனதிலிருந்து வெள்ளையும் சாம்பலுமாக உடுத்திக்கொண்டிருந்தவள் அதை முகத்தில் வைத்து அழுதுவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனாள். அன்றிலிருந்து கருவியை அணைக்கக் கூடாது என்ற கட்சி பெரிதாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் பட்டணத்திலிருந்து தகவல் வந்தது. இரண்டு பெரிய டாக்டர்கள் வந்து தவசிமுத்துவைச் சோதிப்பார்கள். சொல்கிற வார்த்தையைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். தோற்றால் பெரியவர்களுக்கு இந்தக் கருவி வீண் என்று எழுதிவிடுவார்கள், ஜில்லாவில் இதற்காகக் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் கதவு சாத்தப்படும். ரிஸ்வானா அன்றைக்கு என் காது மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள். அய்யா சிரித்தார், அளவு சரியென்று நான் நினைத்துவிட்டேன் என்றாள்.

அடுத்த தடவை தவசிமுத்து வந்தபோது அவள் ஒவ்வொரு பொட்டாக ஒரு கணம் அணைத்து அணைத்துப் பார்த்தாள். நத்தைக்கூட்டின் ஆக உள்ளே, கம்பி சுருண்டு முடியும் இடத்தில் இருந்த கடைசிப் பொட்டை அணைத்ததும் அவர் நிமிர்ந்தார். மின்விசிறி சுற்றுகிறது என்றார். வெளியே காக்கா என்றார். அவள் கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, அய்யா கேக்குதா என்றாள். நல்லாக் கேக்குது யம்மா என்றார். அவளுக்கு வந்த சந்தோஷத்தில் இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பொட்டைத் திரும்ப ஏற்றினாள். ஏற்றியதும் அவர் முகம் விழுந்துவிட்டது. அணைத்திருந்த நேரத்தில் வரிசை நிற்கவில்லை. ஆள் இல்லாத வாசல்வழியாகச் சொற்கள் போய்க்கொண்டேதான் இருந்திருக்கின்றன. ஆவுடையின் கல்யாணத்தன்று சாயங்காலம், மகளை அனுப்பிவிட்டு வந்து பேச்சித்தாய் அவர் முதுகிடம் என்னென்னவோ சொல்லி அழுதிருப்பாள். அது போய்விட்டது. அவர் கோபப்படவில்லை.

"போனது போட்டும். அவ போன நாள் மட்டும் எனக்கு வேணும். அதுவரைக்கும் அணைச்சிராத."

ஆவுடை அன்றே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரிஸ்வானாவிடம் வந்தாள். அம்மா கூப்பிட்டதை இவர் கேட்க வேண்டாம், அந்த நாள் வருவதற்கு முன்னால் அணைத்துவிடு, அதைக் கேட்டபிறகு இவர் எழுந்து உட்காரமாட்டார் என்று அழுதாள். சோதனைக்கும் அதுதான் நல்லது, எல்லோருக்கும் அதுதான் நல்லது. ரிஸ்வானா அவரிடம் ஆட்டியது போலவே இவளிடமும் சரியென்று தலையை ஆட்டினாள். வாசலில் நின்ற தவசிமுத்து இதை அவர்கள் முகத்தில் படித்துவிட்டார்.

"அவ கூப்பிட்டா, நான் திரும்பல" என்றார் மகளிடம். "வைதிருந்தாலும் பரவால்ல. ஒரு தடவையாவது கேட்டுட்டுப் போயிருதேன்."

உதட்டைப் பார்த்துப் படிக்கிறவரைச் சோதிக்க வாயை மறைக்க வேண்டும், கையால் மறைத்தால் குரலும் மங்கும். அதனால் பூவேலைக்குத் துணி மாட்டுகிற மர வளையத்தில் மெல்லிய துணியை இழுத்து மாட்டி அதன் பின்னாலிருந்து பேசுவார்கள். ஆஸ்பத்திரி வளையத்தில் துணி பிய்ந்திருந்தது. மெலிசான துணியாகப் போட்டுத் தர முடியுமா என்று ரிஸ்வானா கேட்டாள். அவர் பேச்சித்தாயின் ஊதா நிறத்து வாயில் துணிச் சேலையில் ஒரு துண்டு வெட்டி, சுருக்கம் விழாமல் இழுத்து, ஓரம் தைத்துக் கொடுத்தார்.

சோதனை நாளும் அந்த நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நான் இப்படிச் சொன்னால் ஜோடிக்கிறேன் என்பீர்கள். வராந்தாவில் மரியபுஷ்பமும் ஏலக்காரர் சந்தியாகுவும் சாமியாரும் இன்னும் பாதி ஊரும் நின்றார்கள், அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று காலை கடையிலிருந்து புறப்படும்போதே, யூனிபாரத் துணி வந்துவிட்டது என்று பேச்சித்தாய் சொல்லுகிறாள் என்றார் தவசிமுத்து. சத்தம் புகாத அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெரிய டாக்டர்கள் பேனாவோடு உட்கார்ந்தார்கள்; ஆவுடை பிள்ளையோடு நின்றாள்; காது மிஷின் சரிபார்க்க வந்தவன் என்ற உரிமையில் நானும் ஒரு ஓரத்தில் நின்றுகொண்டேன். காதில் என்ன விழுகிறதோ அதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் காட்டினார். தவசிமுத்து தலையாட்டினார். ரிஸ்வானா ஊதா வளையத்தை வாய்க்கு நேராகப் பிடித்தாள். இன்னொரு கை விசைமேல் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும், எல்லோரும் ஜெயித்துவிடலாம். அவள் தட்டவில்லை.

"மரம்" என்றாள்.

"தவசிமுத்து" என்றார் அவர். ஒரு பெண்பிள்ளை இழுத்துச் சொல்வது போலச் சொன்னார். டாக்டர் தப்புப் போட்டார்.

"கதவு."

"ஏலே, தவசிமுத்து." அடுத்த தப்பு.

"பால்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கால் இரண்டும் தரையில் மெல்ல மிதிக்க ஆரம்பித்தன, பாதம் முன்னும் பின்னுமாக. மிஷின் ஓடுகிறது என்றார். அதுவரை சொற்கள் மட்டுமே வந்தன; தன் மிஷின் ஓடுவதை அவர் அத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் காதால் கேட்டார். டாக்டர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆவுடை கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு அவர், சொல்லச் சொன்னபடி, காதில் விழுந்ததை விழுந்தபடி திருப்பிச் சொன்னார்.

"திரும்பாதலே. ஓட்டி முடி, பிள்ளைக நாளைக்குப் போடணும்லா. ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். ஒம் பேரு வாய்க்கு நல்லாருக்கு."

அந்தப் பெட்டி அறையில் அதற்கப்புறம் அவர் காலோசை மட்டும் கேட்டது. மிதித்து மிதித்து, ஒரு நீளத் தையலின் கடைசிக்கு வந்து, கால் நின்றது. மிஷின் நின்றுவிட்டது என்றார். டாக்டர் மூன்றாவது தப்பையும் போட்டு, தாளைத் திருப்பப் போனார்.

"யம்மா" என்றார் தவசிமுத்து, கண்ணைத் திறந்து. "இப்ப அந்தப் பொட்ட அணைச்சிரு."

ரிஸ்வானா விசையைத் தட்டினாள். வார்த்தைப் பட்டியல் எங்கே விட்டது என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. ஊதாத் துணிக்குப் பின்னாலிருந்து, தனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"அய்யா, கேக்குதா?"

"அய்யா, கேக்குதா" என்றார் அவர்.

அது பட்டியலில் இல்லையே என்றார் பெரிய டாக்டர். பிறகு பட்டியலில் இருந்ததைக் கேட்டார்கள். குடம் என்றாள், குடம் என்றார். ஊசி என்றாள், ஊசி என்றார். பாய் என்றாள்; கொஞ்சம் பொறுத்து, பாய் என்றார். நடுவில் ஒன்றிரண்டு தவறியது, அது யாருக்கும் தவறும். மூன்று தப்பையும் அடித்துவிட்டு டாக்டர்கள் எழுதியது என்ன என்று எனக்குத் தெரியாது. அடுத்த மழைக்காலத்துக்குள் ரிஸ்வானா இன்னும் சில பெரியவர்களுக்கு அளவு வைத்தாள் என்பது தெரியும். ஒவ்வொருவரிடமும் முதலில், இப்போது உங்களிடம் பேசுவது யார் என்று கேட்டுவிட்டுத்தான் அவள் விசையைத் தொடுவாள்.

பேச்சித்தாய் போனபிறகு ஊர் அவரிடம் சொன்ன ஆறு வருஷத்துச் சொற்களும் யாருக்கும் கேட்காமல் போய்விட்டன. ஊர் அன்று இனிப்பு வாங்கித் தின்றது. மறுநாளே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது. சந்தியாகு ஏலத்துக்கு நடுவில் இறங்கிவந்து, அப்போ நான் சொன்னதை ஒருத்தருமே கேக்கலையா வே என்று என்னிடம் புலம்பினார். அது வெளியே வந்துவிடக் கூடாதே என்று இரண்டு சீலா மீனைச் சுமந்துகொண்டு அலைந்தவர் அவர்தான். காது கேட்கிற தையல்காரரிடம் யார் போய் மனசைத் திறப்பார்கள்? ஸ்டூல் காலியாகக் கிடந்தது. பொத்தான்கள் சட்டையிலேயே இருந்தன. வீடுகளில் பாத்திரம் உடையும் சத்தம் அதிகமானது.

தவசிமுத்து இதைக் கவனித்தார். ஒருநாள் மரியபுஷ்பம் ஒரு குறையும் இல்லாத ரவிக்கையை எடுத்துக்கொண்டு வந்து, ஸ்டூலில் உட்காரலாமா வேண்டாமா என்று நின்றாள். அவர் தலையிலிருந்த சில்லைப் பிடுங்கினார். அதில் காந்தம் இருக்கிறதல்லவா, அதைத் தையல் மிஷினின் இரும்புக் கழுத்தில் டக்கென்று ஒட்டினார், துணியின்மேல் குனிந்தார், மிதிக்க ஆரம்பித்தார், தலை ஆமாம் ஆமாம் என்று ஆடியது. அவள் உட்கார்ந்தாள். இப்போதும் அந்தப் பக்கம் போனால் பாருங்கள். சில்லு அவர் தலையில் இருந்தால் அவர் தையல்காரர், விலை பேசலாம், வம்பு பேசலாம். மிஷினில் ஒட்டியிருந்தால் வேறு யாரோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் செருப்பு வாங்குவது போல அந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும், அதுதான் ஊர் மரியாதை.

போன வாரம் நான் ஒரு நல்ல பொய்யோடு அங்கே போனேன். யாரும் இல்லை, சில்லு தலையில்தான் இருந்தது. அவருக்கு எதிரே அந்தப் பாயில் பேத்தி உட்கார்ந்து காலி நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆவுடை வேலை முடிந்து வந்து, வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போது, குழந்தை நிமிர்ந்து பார்த்து, கைதட்டி, "ஏலே தவச்சிமுத்து" என்று கூப்பிட்டது.

ஆவுடைக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதெல்லாம் யாருட்டீ சொல்லிக்குடுத்தது, தாத்தான்னு சொல்லு என்று அதட்டினாள். சொல்லிக் கொடுத்தவர் மிதிப்பதை நிறுத்திவிட்டு, சில்லை ஒருதரம் அழுத்திவிட்டுக்கொண்டு, கையை மேலே தூக்கினார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.